பருவின் மேல் பேஸ்ட்: இரவோடு இரவாக என்ன நடக்கிறது?

நாளைக்கு ஒரு முக்கியமான நிகழ்ச்சி. இன்று மாலை கண்ணாடியில் பார்த்தால் கன்னத்தில் சிவப்பாக ஒன்று எட்டிப் பார்க்கிறது. தொட்டால் வலிக்கிறது. அந்த நேரத்தில் வீட்டில் யாராவது ஒருவர், அக்காவோ சித்தியோ, தவறாமல் சொல்லும் வைத்தியம் இது: "கொஞ்சம் பேஸ்ட் எடுத்து மேல வச்சுட்டுப் படு. காலையில அமுங்கிடும்."

கூடவே சில துணை விதிகளும் வரும். ஜெல் கூடாது, வெள்ளை பேஸ்ட்தான் வைக்க வேண்டும். புதினா வாசம் தூக்கலாக இருந்தால் இன்னும் நல்லது. எரிந்தால் பயப்படாதே, வேலை செய்கிறது என்று அர்த்தம். எனக்கு இந்தக் கடைசி விதிதான் சுவாரசியமானது. ஒரு பொருள் தோலைப் புண்படுத்துவதற்கான முதல் அறிகுறியையே குணமாவதற்கான அடையாளமாக மாற்றி வைத்திருக்கிறது.

பேஸ்ட் பருவை ஒன்றும் செய்யாது என்று சிலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது சரியல்ல. பேஸ்ட் செய்கிறது. பருவின் மேல்தோலையும் அதைச் சுற்றியுள்ள நல்ல தோலையும் காய வைக்கிறது. காலையில் நாம் "அமுங்கிவிட்டது" என்று நினைப்பது பெரும்பாலும் அந்த வறட்சியைத்தான். பருவுக்குக் காரணமான சமாச்சாரம் நடக்கும் இடமோ வேறு.

அந்த இடம் மயிர்க்காலின் உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண்ட்ரோஜன் ஹார்மோன்களின் தூண்டுதலால் அது எண்ணெயைக் கூடுதலாகச் சுரக்கும்போதும், மயிர்க்காலின் உட்சுவரில் உதிர வேண்டிய இறந்த செல்கள் உதிராமல் ஒட்டிக்கொள்ளும்போதும் வாய் அடைபடுகிறது. அடைப்பு மூடியிருந்தால் வெண்புள்ளி, திறந்திருந்து கருத்துப் போனால் கரும்புள்ளி. கறுப்பு அழுக்கல்ல, காற்று பட்டு நிறம் மாறிய எண்ணெயும் மெலனினும்தான். அடைபட்ட எண்ணெயில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகும். 2016 வரை இதற்குப் புரோப்பியோனிபாக்டீரியம் ஆக்னஸ் என்று பெயர். இது வெளியிலிருந்து வந்து தொற்றுவதில்லை, பரு இல்லாதவர் முகத்திலும் குடியிருப்பதுதான். அடைப்பும் எண்ணெயும் பாக்டீரியாவும் சேர்ந்த இடத்தில் உடலின் எதிர்ப்பு அமைப்பு விழித்துக்கொள்ளும்போது சிவப்பு, வீக்கம், வலி, சீழ் எல்லாம் வருகின்றன.

கண்ணுக்கே தெரியாத முதல் அடைப்பு, நாம் பார்க்கும் பருவாக மாறப் பல வாரங்கள் ஆகலாம். அதாவது இன்று மாலை கண்ணாடியில் தெரிந்தது இன்று வந்ததல்ல, போன மாதமே தொடங்கியது. அதை இன்று இரவுக்குள் மேலிருந்து பூசி முடித்துவிட நினைக்கிறோம்.

இனி பேஸ்ட் டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படிப்போம்.

முதலில் தேய்க்கும் பொருள்: சிலிக்கா, கால்சியம் கார்பனேட் போன்ற நுண்துகள். பல்லில் படிந்த படலத்தையும் கறையையும் சுரண்டி எடுப்பது இதன் வேலை. அடுத்து பேஸ்ட் காய்ந்து போகாமல் வைத்திருக்கும் கிளிசரின், சார்பிட்டால். பிறகு நுரைக்காகச் சோடியம் லாரில் சல்பேட். கெட்டிப்படுத்தும் பசை, இனிப்பு, புதினாவோ லவங்கப்பட்டையோ சார்ந்த மணப்பொருள், மெந்தால். ஃப்ளோரைடு, பெரும்பாலும் பத்து லட்சம் பங்கில் 1,000 முதல் 1,500 பங்கு வரை. பல்லை வெளுக்க வைப்பவை என்றால் சமையல் சோடாவோ ஹைட்ரஜன் பெராக்சைடோ கூடச் சேரும்.

வெள்ளையா ஜெல்லா என்ற விவகாரத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். பல பேஸ்டுகளுக்கு அந்தப் பளிச்சென்ற வெள்ளையைத் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற நிறமி. சில வகைகளில் சுண்ணாம்புத் துகள்களும் வெள்ளைதான். ஜெல்லில் ஒளி ஊடுருவும் சிலிக்காவும் கூடுதல் சார்பிட்டாலும் இருப்பதால் கண்ணாடி போலத் தெரிகிறது. வெள்ளைக்குள் பருவுக்கான மருந்து எதுவும் ஒளிந்திருக்கவில்லை. வெள்ளை சீக்கிரம் காய்ந்து பொருக்குத் தட்டுகிறது, அதனால் "இழுத்துவிட்டது" என்ற தோற்றம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பட்டியலில் பருவுக்கு ஏதாவது உதவக்கூடியது என்று ஒரு காலத்தில் சொல்லத்தக்கதாக இருந்தது டிரைக்ளோசான். இது ஒரு கிருமிக்கொல்லி. ஈறு வீக்கத்தைக் குறைக்க உதவுகிறது என்ற அடிப்படையில் அதைச் சேர்த்த கோல்கேட் டோட்டலுக்கு அமெரிக்காவில் 1997-இல் அனுமதி கிடைத்தது. அதில் டிரைக்ளோசானின் அளவு 0.3 சதவீதம். முகம் கழுவும் சில சோப்புகளிலும் அதே பொருள் இருந்ததால், "பேஸ்ட் கிருமியைக் கொல்லும், பருவிலும் கிருமிதானே இருக்கிறது" என்ற கணக்கு மேலோட்டமாகப் பொருந்திப் போனது. ஆனால் பருவின் பாக்டீரியா மேல்தோலில் உட்கார்ந்திருக்கவில்லை, அடைபட்ட மயிர்க்காலுக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிறது. ஈறின் மேல் தங்குவதற்காகச் செய்த கலவை அங்கே போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க ஒரு முகாந்திரமும் இல்லை.

பின்னர் அந்த டிரைக்ளோசானும் விடைபெற ஆரம்பித்தது. அது ஹார்மோன் சமநிலையைக் குலைக்கக்கூடும், பாக்டீரியாக்களின் எதிர்ப்புத் திறனை வளர்க்கக்கூடும் என்ற கவலைகள் எழுந்தன. 2016 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் டிரைக்ளோசான் உட்பட 19 பொருள்களை, மக்கள் வீட்டில் வாங்கிப் பயன்படுத்தும் கிருமிநாசினி சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று ஆணையிட்டது. தினசரிப் பயன்பாட்டுக்குப் பாதுகாப்பானவை என்றோ, சாதாரண சோப்பையும் தண்ணீரையும் விட மேலானவை என்றோ நிறுவனங்கள் நிரூபிக்கவில்லை என்பதே காரணம். பேஸ்ட் அந்தத் தடைக்குள் வரவில்லை. ஆனாலும் 2019-இல் கோல்கேட் டோட்டலே டிரைக்ளோசானை விட்டுவிட்டு ஸ்டானஸ் ஃப்ளோரைடுக்கு மாறியது. ஆக, இந்த வைத்தியத்துக்கு அரைகுறையாகவேனும் இருந்த ஒரே நியாயம் டப்பாவிலிருந்து வெளியேறிவிட்டது. வைத்தியம் மட்டும் அப்படியே தொடர்கிறது.

மிச்சமிருப்பவற்றில் ஆளை ஏமாற்றுவதில் முதலிடம் மெந்தாலுக்கு. பேஸ்டை வைத்ததும் சில்லென்று இருக்கும். வீக்கம் தணிகிற மாதிரியே தோன்றும். தோலின் வெப்பநிலையை அது இறக்குவதே இல்லை. நரம்பு முனைகளில் குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்ற வாங்கி இருக்கிறது. மெந்தால் அதைத் தட்டி எழுப்பிவிடுகிறது, மூளை குளிர் என்று நம்புகிறது. 2002-இல் இந்த வாங்கியை டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் தனித்தனியாகக் கண்டறிந்தார்கள், கண்டறியக் கைகொடுத்ததே மெந்தால்தான். வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் வாங்கிகள் பற்றிய ஆய்வுக்காக இருவருக்கும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. எனவே அந்தக் "சில்" உணர்வு உண்மையானதுதான், ஆனால் பரு தணிவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

சுட்ட புண்ணில் பேஸ்ட் தடவும் பழக்கத்துக்கும் இதே ஏமாற்றுதான் அடிப்படை. அது பருவில் தடவுவதை விட ஆபத்தான தவறு. காய்ந்த பேஸ்ட் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு மருத்துவர் அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதுதான் முதலுதவி.

அடுத்தது சோடியம் லாரில் சல்பேட். இதைப் பற்றித் தோல் ஆய்வாளர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். தோல் அழற்சியை ஆராய்வதற்கு முதலில் அழற்சியை வேண்டுமென்றே உண்டாக்க வேண்டுமல்லவா? அதற்கு அவர்கள் காலங்காலமாகக் கையாளும் பொருளே இதுதான். குறைந்த செறிவுக் கரைசலைத் தன்னார்வலரின் தோலில் வைத்து மூடி, ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். தோல் சிவந்திருக்கும், அதன் வழியே ஆவியாகும் நீரின் அளவு கூடியிருக்கும். பேஸ்டில் இது பொதுவாக 0.5 முதல் 2 சதவீதம் வரை இருக்கிறது. பல் துலக்கும்போது எச்சிலில் கரைந்து, இரண்டு நிமிடத்தில் துப்பிவிடுகிறோம். அப்படியிருந்தும் அடிக்கடி வாய்ப்புண் வருகிற சிலருக்கு இந்தப் பொருள் இல்லாத பேஸ்டைப் பரிந்துரைக்கிறார்கள். இப்போது அதே பேஸ்டை எச்சில் இல்லாமல், கரையாமல், ஏழெட்டு மணி நேரம் கன்னத்தில் விட்டு வைப்பதை நினைத்துப் பாருங்கள். நீர் ஆவியாக ஆவியாக மீதமிருப்பதன் செறிவும் கூடிக்கொண்டே போகும்.

பல்லுக்கும் தோலுக்கும் உள்ள தூரம் சாதாரணமானதல்ல. மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் பல்லின் எனாமல்தான். அதன் தடிமன் சில இடங்களில் 2.5 மில்லிமீட்டர் வரை போகும். முகத் தோலின் வெளி அரணான இறந்த செல் அடுக்கு ஏறக்குறைய 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர்தான். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். எனாமலைத் தேய்ப்பதற்கென்று செய்த பொருள் அது. இதோடு அமிலகாரக் கணக்கும் சேர்கிறது. ஆரோக்கியமான தோலின் பிஹெச் 5-ஐ ஒட்டி இருக்கும், லேசான அமிலத்தன்மை. பல பேஸ்டுகள் 7-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், சோடா கலந்தவை 8-ஐத் தாண்டும். பிஹெச் அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு. 5-க்கும் 8-க்கும் இடையே ஆயிரம் மடங்கு. அந்த லேசான அமிலத்தன்மை குலைந்தால் தோல் தன் கொழுப்பு அரணைச் சரியாகக் கட்டிக்கொள்ள முடியாது. க்யூட்டிபாக்டீரியத்துக்கோ அந்த மாற்றம் சௌகரியம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தால் நல்லதுதானே, பரு மருந்தில் கூட பெராக்சைடு இருக்கிறதே என்று ஒரு கேள்வி வரும். பரு மருந்தில் இருப்பது பென்சாயில் பெராக்சைடு. எண்ணெயில் கரைந்து மயிர்க்காலுக்குள் இறங்கி அங்கே ஆக்சிஜனை விடுவிக்கக்கூடியது. ஆக்சிஜன் பிடிக்காத பாக்டீரியாவுக்கு அது கூற்றுவன். பெயரில் பாதி ஒத்துப்போவதால் குணமும் ஒத்துப்போய்விடாது.

மறுநாள் காலையைக் கிட்டத்தில் பார்ப்போம். பேஸ்ட் வெள்ளைப் பொருக்காகக் காய்ந்து, ஓரங்களில் வெடித்திருக்கிறது. கழுவினால் சொரசொரப்பு. நடுவில் பரு கொஞ்சம் தட்டையாகத் தெரிகிறது. மேல்தோல் நீரை இழந்து சுருங்கியிருக்கிறது, சீழ் முனை இருந்தால் காய்ந்து அடைத்திருக்கிறது. ஆனால் பேஸ்ட் பரவியிருந்த வட்டம் முழுக்க லேசான இளஞ்சிவப்பு. மேலே ஒப்பனை போட்டால் செதில் செதிலாக எழுந்து நிற்கிறது. மறைக்க நினைத்த ஒரு புள்ளி, மறைக்க முடியாத ஒரு வட்டமாகிவிட்டது. இன்னும் மோசமாகப் போனால் கொப்புளமும் நீர்க்கசிவும் வரும். மணப்பொருள்களில் உள்ள சின்னமால், கார்வோன் போன்றவற்றுக்கு ஒவ்வாமை இருப்பவர்களுக்கு ஒரு நாள் இடைவெளி விட்டுக் கூட அரிப்பும் தடிப்பும் கிளம்பலாம்.

மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலுக்கு இதில் ஒரு தனி விலை உண்டு. அப்படிப்பட்ட தோலில் எந்த அழற்சி வந்து போனாலும் மெலனின் கூடுதலாகச் சுரந்து கரும்பழுப்புக் கறையை விட்டுச் செல்லும். பரு ஒரு வாரத்தில் போய்விடும், அந்தக் கறை பல மாதம் இருக்கும். வெயில் பட்டால் இன்னும் ஆழமாகும். மருத்துவரிடம் வந்து "பரு போயிடுச்சு டாக்டர், இந்தக் கறைதான் போக மாட்டேங்குது" என்று சொல்பவர்கள் ஏராளம். பருவுக்கு மேல் பேஸ்டின் அழற்சியையும் சேர்ப்பது, அந்தக் கறைக்கு நாமே மை ஊற்றுவதுதான்.

இவ்வளவு இருந்தும் ஏன் இத்தனை பேர் "எனக்கு வேலை செஞ்சுது" என்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. தனியாக வரும் சிறிய பரு ஒன்றும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் சில நாள்களில் அடங்கிவிடும். நாம் பேஸ்டை எடுப்பது அது உச்சத்தில் இருக்கும்போது, கண்ணாடியில் தாங்க முடியாமல் தெரியும்போது. உச்சத்துக்குப் பின் இறக்கம்தானே? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. வேலை செய்யாத தடவை நினைவில் நிற்பதில்லை, "பரு பெருசா இருந்துச்சு, அதான்" என்று அதற்கொரு சமாதானமும் தயாராக இருக்கும். எரிச்சல், சில்லிப்பு, காய்ந்து இழுக்கும் உணர்வு எல்லாம் ஏதோ நடப்பதற்கான சாட்சிகளாகச் சேர்ந்துகொள்கின்றன. எதையும் உணராத மருந்தை விட எரிகிற மருந்தை மனம் எளிதில் நம்பும்.

சரி, நாளைக்கு நிகழ்ச்சி இருக்கிறதே, என்னதான் செய்வது?

ஒரே இரவில் பருவை மாயமாக்கும் பூச்சு எதுவும் கிடையாது. வீக்கத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டுமென்றால் சுத்தமான துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒன்றிரண்டு நிமிடம் வைத்து எடுக்கலாம். மெந்தால் நடிக்கிற வேலையை இது நிஜமாகவே செய்யும். முனை விட்ட பரு என்றால் ஹைட்ரோகொலாய்டு ஒட்டுகள் கிடைக்கின்றன. காயக் கட்டுகளுக்காக உருவான அதே பொருள்தான். கசிவை உறிஞ்சிக்கொள்ளும், முக்கியமாகக் கை வைக்க விடாது. இதன் பலனில் பாதி அந்தக் கை வைக்காததில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

மருந்து என்றால் பென்சாயில் பெராக்சைடு. 2.5, 5, 10 சதவீதங்களில் வருகிறது. அதிக எண் என்றால் அதிக பலன் என்று நினைத்து 10-ஐ எடுப்பவர்கள் நிறைய. 2.5 சதவீதமே 10 சதவீதத்துக்கு நிகராகப் பருக்களைக் குறைக்கிறது, எரிச்சல் மட்டும் குறைவு என்று 1980-களிலேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. மெல்லிய படலமாகப் பூசினால் போதும். தலையணை உறையையும் துண்டையும் வெளுத்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அடைப்புகளும் கரும்புள்ளிகளும் அதிகமென்றால் 0.5 முதல் 2 சதவீத சாலிசிலிக் அமிலம், எண்ணெயில் கரையும் தன்மையால் மயிர்க்காலுக்குள் நுழையக்கூடியது. அடிக்கடி பரு வருபவர்களுக்கு அடாப்பலீன் 0.1 சதவீத ஜெல். இது புதிய அடைப்பே உருவாகாமல் தடுக்கிறது. 2016-இல் அமெரிக்காவில் இதை மருத்துவர் சீட்டில்லாமல் விற்க அனுமதித்தார்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். எதுவாக இருந்தாலும் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பரு உருவாக எடுத்துக்கொண்ட காலத்தை நினைத்தால் இது நியாயமான கணக்குதான்.

ஆழத்தில் கட்டியாக, தொட்டாலே உயிர் போகிற மாதிரி வலிக்கும் பருவுக்கு வீட்டில் எதுவும் பூசிப் பயனில்லை. தோல் மருத்துவர் நேரடியாக அதற்குள் மிகக் குறைந்த அளவு ஸ்டீராய்டு ஊசி போட்டால் இரண்டு மூன்று நாளில் தணியும். இதைக் கேட்டுவிட்டு ஸ்டீராய்டு களிம்பை நாமே முகத்தில் தடவக் கூடாது. தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, அதுவே புதிய பருக்களைக் கிளப்பும்.

ஏற்கெனவே பேஸ்ட் வைத்து எரிந்து போயிருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்க்காமல் கழுவி, மணமில்லாத மாய்ஸ்சுரைசரோ பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லிதாகப் பூசுங்கள். தோல் ஆறும் வரை பரு மருந்து, ஸ்க்ரப், எலுமிச்சை எதுவும் வேண்டாம். வெளியே போனால் சன்ஸ்கிரீன். கொப்புளமோ நீர்க்கசிவோ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பேஸ்டும் பருவும் சந்திக்கும் இடம் இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. வாயைச் சுற்றியும் முகவாயிலும் மட்டும் சிறுசிறு சிவந்த பொரிகள் விடாமல் வருகின்றனவா? 1975-லேயே ஒரு தோல் மருத்துவ இதழில், ஃப்ளோரைடு பேஸ்ட் பரு போன்ற பொரிகளுக்குக் காரணமாகலாம் என்று எழுதியிருக்கிறார்கள். ஃப்ளோரைடுதான் குற்றவாளி என்று உறுதியாகிவிடவில்லை. நுரைப்பொருளும் மணப்பொருளும் கூடச் சந்தேகப் பட்டியலில் உள்ளவையே. பல்லுக்கு ஃப்ளோரைடு தேவை, ஆகவே அதை அவசரப்பட்டுத் தூக்கி எறிய வேண்டாம். முதலில் பல் துலக்கிவிட்டு அதன் பிறகு முகம் கழுவுங்கள், உதட்டோரத்தில் நுரை காய விடாதீர்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் சோடியம் லாரில் சல்பேட்டும் லவங்கப்பட்டை மணமும் இல்லாத பேஸ்டுக்குச் சில வாரம் மாறிப் பாருங்கள். அப்போதும் போகாவிட்டால் அது பருவே அல்லாத வாய்ச்சுற்று அழற்சியாக இருக்கலாம். அதற்கான மருந்து வேறு, மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.